மூன்று ஷிப்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஓசூர்க் குளிர் இம்முறை தாங்கும்படி இருக்கிறது. போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆலை ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரை மூன்று ஷிப்டுக்காரர்களும் ஒரே லாகினில் திறப்பார்கள். ஒருவர் திரையைக் கன்னடத்துக்கு மாற்றுவார், அடுத்தவர் தமிழுக்கு. தினமும் சண்டை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் மேனேஜர் முனிரத்தினம், "எல்லாத்தையும் இங்கிலீஷ்ல வச்சுப் பூட்டிடுங்க மேடம்" என்றார். பூட்டினால், கன்னடம் மட்டுமே படிக்கத் தெரிந்த ஸ்டோர்ஸ் ஊழியர் நஞ்சம்மா அந்த வேலையை விட்டுப் பேக்கிங்குக்குத்தான் போக வேண்டும். நான் மறுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனி லாகின் போட்டு, அவரவர் மொழியை அதில் வைத்தேன்.

"இன்னிக்கு யாரும் என்னைத் திட்டல மேடம்" என்றார் நஞ்சம்மா.

நேற்று மேனேஜரே வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் தெலுங்குல வச்சுக் குடுங்க" என்றார். சிரிக்காமல் செய்து கொடுத்தேன். பெருமையாக இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா மோர்மிளகாய் போட்டிருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஒரு ஆளுக்குப் போதும். இரண்டு வரி எழுதியும் வையுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கோமதி