நைனாவுக்கு நிலம் இல்லை

என் நைனா,

நேற்று பௌர்ணமி. இன்று காலை கிரிவலப் பாதை எப்படிக் கிடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொன்னை, பிளாஸ்டிக் பாட்டில், பாதி சோற்றோடு வாழை இலை, அறுந்த செருப்பு. நீ போன இந்த மூன்று வருடத்தில் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது. கூட்டுகிற ஆட்கள் மட்டும் அதே கம்மிதான். பாதிப் பேர் கையில் இன்னும் உறை கிடையாது.

உனக்கு ஒரு சேதி. உன் மருமகள் கலைவாணிக்கு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. நானும் யாழினியும் கூடவே போகலாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லப் போகிறோம், எதனால் சொல்கிறோம் என்பதை நீ கேட்க வேண்டும்.

மாமா நேற்று வந்து கத்திவிட்டுப் போனார். "ஒங்கப்பன் தொடப்பம் புடிச்சது நீ புடிக்கக்கூடாதுனுதான்டா. நீ இன்னான்னா பிளைட்டு ஏறிப் போயி புடிக்கப் போறேன்ற!"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஏசி மெக்கானிக் என்று நான் இங்கே வாங்கிய சான்றிதழை அங்கே உடனே மதிக்கமாட்டார்கள். முதல் வருடம் ஏதாவது கட்டடத்தில் தரை துடைக்கிற வேலைதான் கிடைக்கும் என்று அங்கே இருக்கிற கலையின் தோழி சொல்லிவிட்டாள்.

அம்மா வரவில்லை. "எனக்கு அந்தக் குளுரு ஒத்துக்காது. ஒன் தங்கச்சிகூட கீழ்பென்னாத்தூர்ல இருந்துக்கறேன். எனக்காக இங்கயே ஒக்காந்துனு இருந்தேன்னு நாளைக்குச் சொல்லிக் காட்டாத" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

வேங்கிக்கால் பக்கம் புது வீடாகப் பார்த்து வாடகைக்குப் போகலாம் என்று இரண்டு மாதமாக அலைந்தோம். முதல் வீட்டில், அப்பா என்ன செய்தார் என்று கேட்டார்கள். துப்புரவு வேலை என்றேன். தங்கள் சொந்தக்காரர்களே குடிவருகிறார்கள் என்று மறுநாள் போனில் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் போன்கூட வரவில்லை. இரண்டு வீட்டு வாசலிலும் வாடகைப் பலகை இன்னும் தொங்குகிறது.

மூன்றாவது வீட்டுக்காரர் ரிட்டயர்டு அதிகாரி; கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிறார். நல்ல மனுஷர். காபி கொடுத்தார். "முப்பது வருஷமா ஒரு பௌர்ணமி விட்டதில்ல தம்பி. மழையோ புயலோ, மலையச் சுத்திடுவேன்" என்றார். அப்புறம் அதே கேள்வி. "அப்பா இன்னா பண்ணிட்டிருந்தாரு?"

"விவசாயம் சார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெலம்."

நான்தான் சொன்னேன், நைனா. கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாவி கையில் வந்தது. வண்டியில் திரும்பும்போது முன்னால் உட்கார்ந்திருந்த யாழினி கேட்டாள்: "அப்பா, தாத்தாவுக்கு நெலம் இருந்துச்சா? எங்க கீது?" அவளுக்கு ஆறு வயசு. நான் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பொய் எனக்கு எங்கிருந்து வந்தது? என் பள்ளிக்கூட விண்ணப்பத்தில், தகப்பனார் தொழில் என்ற இடத்தில், 'விவசாயம்' என்று எழுதச் சொன்னவன் நீதான். எட்டாம் வகுப்பில் ஒரு நாள், பௌர்ணமிக்கு மறுநாள், நான் பசங்களோடு அந்தப் பாதையில் வந்தேன். நீ கூட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய். நானும் யாரோ போல் உன்னைத் தாண்டிப் போனேன். துடைப்பம் கிளப்பிய புழுதிக்கு ஒருவன் மூக்கைப் பொத்தினான். நானும் பொத்தினேன்.

சாயந்தரம் நீ ஒன்றுமே நடக்காத மாதிரி, "இன்னிக்கு இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாய். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. உனக்கு இருந்ததா?

வீடு கிடைத்த மறுவாரம் அயர்லாந்துக் கடிதம் வந்தது. கலை தயங்கினாள். "அதான் வீடு கெடச்சிடுச்சே. ஸ்கூலும் பக்கம். எதுக்கு அவ்ளோ தூரம்?" அவள் கேட்டது நியாயம். நானும் இரண்டு நாள் அதையே யோசித்தேன். அந்த வீட்டில் இருந்தால் யாழினிக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாடிப்படியில் யார் கேட்டாலும், தாத்தாவுக்கு நிலம் இருந்தது என்று அவள் சொல்ல வேண்டும். மூன்றாவது தலைமுறையாக உன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். இதைச் சொன்னதும் கலையே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள்.

இன்று காலை யாழினியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

"சார், எங்கப்பா விவசாயி இல்ல. காண்ட்ராக்ட்ல கிரிவலப் பாதை கூட்டுனாரு. இருவத்திரண்டு வருஷம். நீங்க நடந்த பாதைதான்."

அவர் வீட்டுக்குள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதுக்கென்ன தம்பி... எனக்கு ஒண்ணுமில்ல. வீட்ல பொம்பளைங்க இருக்காங்க, பூஜை ரூம் இருக்குது..."

"தெரியும் சார். அதான் சாவிய எடுத்துனு வந்தேன்."

அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். விரல் படாமல் வாங்குகிற பழக்கம் அவருக்கே தெரியாமல் வருகிறது போலிருக்கிறது. சாவியை மேலேயிருந்து போட்டேன். வெளியே வந்ததும் யாழினி கேட்டாள்: "அப்ப தாத்தாவுக்கு நெலமே இல்லயா?"

"இல்லமா. தொடப்பம் இருந்துச்சு."

நாங்கள் போகிறோம், நைனா. அங்கே எல்லாம் நேராக இருக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நம் தோலைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் அங்கேயும் இருப்பான். நான் தரை துடைப்பேன். குளிரில் கை வெடிக்கும். கை உறை தரவில்லை என்றால் கேட்டு வாங்குவேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா என்ன செய்தார் என்று எவன் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு பௌர்ணமி வருகிறது. அதற்கு மறுநாள் காலை யாழினியை அந்தச் சுவருக்கு அழைத்துப் போவேன். தாத்தா நின்ற இடத்தையும் நான் மூக்கைப் பொத்திய இடத்தையும் காட்டுவேன். அங்கே கூட்டுகிற ஆட்களோடு சுவர் முடியும்வரை நானும் கூட்டுவேன். பசங்கள் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். இது உனக்கு என் வாக்கு.

துப்புரவுத் தொழிலாளி ஏழுமலையின் மகன்,
யாழினியின் அப்பா