ராகித் தாள் மேல் ஐம்பது அடி

ஐயா, எங்கள் ஏரி நிரம்பிக் கோடி வழிந்த வருஷம் அது. என் மூத்தவளுக்குக் காது குத்தியதும், மொரப்பூர்ச் சந்தையில் புளி மலிந்து கிடந்ததும் அப்போதுதான். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு வருஷக் கணக்கு இப்படித்தான். இன்று காலை அதியமான்கோட்டை டீக்கடை முன்னால் ஒரு லாரி பிரேக் அடித்தது. ரப்பர் தீய்ந்த வாசனை வந்ததும் உங்களிடம் பேசத் தோன்றிவிட்டது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

லாரியில் புளி மூட்டையோடு வந்துகொண்டிருந்தேன். ஆடுகள் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய்ப் பாலத்துக் கட்டையில் லேசாக இடித்து நின்றது. ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டரான நீங்கள் ஜீப்பில் வந்து, ரோட்டில் விழுந்த டயர் கோட்டை டேப்பால் அளந்தீர்கள். ஐம்பது அடி. சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டு, ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வந்திருக்கிறாய் என்றீர்கள். நாற்பதுதாங்க என்றேன். வண்டியில் வேக மீட்டர் ஓடுமா என்றீர்கள். அது ஓடாது என்பதையும் ஒப்புக்கொண்டேன். என் லைசென்ஸ் உங்கள் பைக்குள் போனது. எங்கள் வீட்டு அடுப்பே அதை நம்பித்தான் எரிந்தது.

ராகித் தாள் மேல் வழுக்கியது என்று கெஞ்சினேன். வண்டி மிதித்து மணி உதிரட்டும் என்று நம் பக்கம் கதிரைத் தாளோடு ரோட்டில் பரப்புவது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள்.

“ராகி என்னுதுங்க சாமி. கேஸு ஆகுமேன்னு நேத்தே வாரி வூட்ல போட்டுட்டேன்.”

மறுபடி கொண்டுவந்து பரப்பச் சொன்னீர்கள். உங்கள் ஜீப் நாற்பதில் முன்னால் போக, நான் அதே வேகத்தில் பின்னால் வந்து, பழைய கோடு தொடங்கிய இடத்தில் மிதித்தேன். நீங்களே இறங்கி அளந்தீர்கள். நாற்பத்தொன்பது அடி.

“அளந்தது சரிதான்யா. ரோட்டைத்தான் நான் பாக்கல” என்று லைசென்ஸை நீட்டினீர்கள்.

“இன்னும் ரெண்டு தடவ ஓட்டச் சொல்லுங்க சாமி, பாதிதான் உதிர்ந்திருக்குது” என்றாள் அவள். நீங்கள் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகுதான் களத்தில் போடச் சொல்லி அதட்டினீர்கள்.

அந்த லைசென்ஸை வைத்து இருபத்தைந்து வருஷம் ஓட்டினேன். இப்போதும் எங்கே டயர் கோட்டைக் கண்டாலும், நீளத்தை விட்டுவிட்டு முதலில் ரோட்டைத்தான் குனிந்து பார்க்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் ஜீப் டிரைவரும் போய்விட்டார். ஆடு ஓட்டி வந்தவரும் போய்விட்டார். அன்று அங்கே நின்றதில் என்னைத் தவிர மிச்சம் அந்த ராகிக்காரி ஒருத்திதான். பல் போயும் வாய் போகாமல் இருக்கிறாள், மாதம்மாள்.