இடது கன்னம்

1980 ஜூன் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். ரிங்லெட்டில் காய்கறி லோரி வைத்திருக்கும் குடும்பம். நான் தேநீர்த் தட்டோடு நுழைந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சரோஜா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. மறுபடியும் படத்தை.

"படத்துல ஒரு பக்கம், நேர்ல ஒரு பக்கமா?"

அப்பா தரையைப் பார்த்தார். ஸ்டுடியோவில் என்னை வலப்பக்கம் காட்டி உட்கார வைத்தது அவர்தான். எனக்கும் அது பழக்கம். பள்ளியில்கூட சன்னல் ஓரமாகவே நின்று பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு வலது கன்னம் மட்டுமே தெரியும்.

சின்ன வயதில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஓடி விழுந்தேன். வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டை ஒன்று ஈட்டிபோல இடது கன்னத்தைக் கிழித்தது. புண் ஆறியது. ஆனால் தழும்பு வளர்ந்தது, காதோரத்திலிருந்து வாயோரம் வரை, கயிறு பதித்த மாதிரி. பனி இறங்கும் நாட்களில் அரிக்கும்.

போகும்போது சரோஜா என் அம்மாவிடம் சொன்னார்: "ஈப்போவுல இதெல்லாம் வெட்டி எடுத்துர்றாங்கலா. எடுத்துட்டுச் சொல்லி அனுப்புங்க. தையிலயே வச்சுக்கலாம்."

ஜூன் 10

இந்தத் தழும்பு போக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அவர்களுக்காக இல்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

அப்பாவோடு ஈப்போ போனேன். தாப்பா மலை இறக்கம் முழுக்க, வளைவுக்கு வளைவு, அப்பா தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். "ருக்கு, என் கன்னத்தப் பாரு. எத்தன வருசமா தைப்பூசத்துக்கு அலகு குத்துறேன். ஒரு பொட்டு தழும்பு இருக்கா? என் ரத்தம்தானே உனக்கும்? வெட்டுன எடம் தெரியாம ஆறிப்போயிரும்."

அவர் காவடி எடுக்கத் தொடங்கியதே நான் விழுந்த வருஷத்தில்தான். என் கன்னத்துக்காக அவர் கன்னம். அதற்கு எதிராக என்ன வாதம் செய்வது?

துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த இடம். வாசலில் அழகான பெண்களின் படங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் என் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். "ஒரு மணி நேர வேலைம்மா. வெட்டி எடுத்துத் தச்சா முடி மாதிரி ஒரு கோடு. அடுத்த வாரமே செஞ்சிடலாம்."

நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். ரத்தம் நிற்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வராது." செய்துகொண்டவர்களின் படங்களைக் காட்டினார். எல்லாம் தையல் பிரித்த புதிதில் எடுத்தவை. தோல் இன்னும் சிவந்திருந்தது.

"ஒரு வருஷம் கழிச்சு எடுத்த படம் இருக்கா?"

"சந்தோஷமாப் போயிர்றவங்க எதுக்கும்மா திரும்பி வரப் போறாங்க?"

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அதற்குள் அப்பா தலையாட்டி நாள் வாங்கிவிட்டார். ஜூலை ஐந்தாம் தேதி.

ஜூன் 25

அம்மா பேசுவதில்லை. பேசினால் இதுதான்: "நாலு புத்தகம் படிச்சிட்டா நீ டாக்டரா? கேள்வி கேட்டுக் கேட்டே வந்த எடத்தயும் விரட்டிரு."

என் மூஞ்சிதானே! கத்தி என் மூஞ்சியிலதானே படப் போகுது! நான் கேக்காம வேற யாரு கேப்பா?

நான் படித்த கதைகளில் தழும்பு உள்ளவள் ஒன்று தியாகியாக இருப்பாள், இல்லை செத்துப் போவாள். டாக்டரிடம் கேள்வி கேட்டவள் ஒருத்திகூட இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்து வீட்டு கத்தரீன் லீவில் வந்திருக்கிறாள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"ரவிக்கைக் கையத் தூக்குடி."

"எதுக்கு?"

"தூக்குலா."

பள்ளியில் போட்ட அம்மை ஊசித் தழும்பு. அவளுக்கு அது பள்ளமாக, நகம் அளவில் இருக்கிறது. எனக்குப் புளியங்கொட்டை ஒட்டிய மாதிரி மேடாக இருக்கிறது. தினமும் குளிக்கிறேன், சோப்புப் போடுகிறேன், ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

யோசித்தேன். அம்மாவின் காது. மேல் காதில் கொப்பு போடக் குத்திய இடத்தில் ஓர் உருண்டை உண்டு. அம்மா எப்போதும் முடியை இழுத்து விட்டு அதை மறைத்துக்கொள்வாள்.

"இந்த மாதிரித் தோலுக்கு வெட்டுனா கோவம் வரும்டி. வெட்டுன எடத்துல முன்னவிடப் பெருசா வளரும். எல்லாருக்கும் இல்ல, உனக்கு வரலாம். ஆனா நான் நர்ஸ்தான். அறுவை பாக்குற டாக்டர் ஒருத்தர் பாத்துச் சொல்லணும். அந்த மாடிக்காரன் உன் கையப் பாத்தானா?"

பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 3

போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது, அப்பாவைப் பார்த்தே சொன்னேன்.

"அலகு குத்துன எடத்துல சாமி இருக்காருப்பா. நான் இல்லேங்கல. ஆனா என் தோலு உங்க தோலு இல்ல, அம்மா தோலு." ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு அம்மாவின் காதைச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அம்மா அவ்வளவு காலம் மறைத்து வைத்ததைச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டேன். அம்மா எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் மெதுவாக முடியை ஒதுக்கினாள்.

"கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு. ஒங்கப்பா பாக்கல."

"பாத்தேன்," என்றார் அப்பா. "சொல்லல."

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "சரி, பெரிய டாக்டரயே கேளு," என்றார்.

ஜூலை 17

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு சீன அம்மா. மலாயில் பேசினோம். முதலில் கையைத்தான் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று அவராகவே கேட்டார்; அம்மாவின் காதைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கேட்க நினைத்து வந்த எல்லாவற்றையும் கேட்டேன். வெட்டினால்? திரும்ப வர வாய்ப்பு அதிகம், இப்போது இருப்பதைவிடப் பெரிதாகவும் வரலாம். வேறு வழி? தழும்புக்குள்ளேயே ஊசி போடலாம், மாதாமாதம். வலிக்கும். மெல்ல அமுங்கும், அரிப்பு குறையும். அந்த இடம் வெளுத்துப் போகலாம். நிறுத்திய பிறகு மறுபடி வளரவும் கூடும். அடியோடு மறையுமா? மறையாது.

"ஒன்றும் செய்யாமல் விட்டால்?"

"விடலாம். இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. உங்கள் விருப்பம்."

இத்தனை பேரில் யாரும் இதுவும் ஒரு வழி என்று சொன்னதில்லை.

ஒரு வருஷம் கழித்து எடுத்த படம் இருக்கிறதா என்று இவரிடமும் கேட்டேன். "இல்லை. எடுத்து வைத்திருக்க வேண்டும்," என்றார். இன்றே முடிவு சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த மாடிக்காரர் தராத நேரத்தை இவர் தந்தார்.

ஜூலை 20

அப்பா தனியாக ரிங்லெட் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வெட்டப் போவதில்லை, ஊசி போட்டாலும் தழும்பு இருக்கும்.

"அப்ப பொண்ணு இப்படியேதான் இருக்குமா?" என்றாராம் சரோஜா.

"இப்படியேதான். நல்லாத்தான் இருக்கு," என்றாராம் அப்பா.

சம்பந்தம் அத்தோடு நின்றது. அழுதேன். அந்த மனிதரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, எதற்கு அழுகிறேன் என்று கேட்டுக்கொண்டே அழுதேன். பிறகு ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இந்த முடிவில் சரோஜா இல்லை, தை மாதம் இல்லை. அரிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் அமுங்கினால் சந்தோஷம்.

ஆகஸ்ட் 14

முதல் ஊசி. வலிக்கும் என்று டாக்டர் சொன்னது உண்மை.

அக்டோபர் 23

காலையில் பனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. மணி அடித்த பிறகுதான் நினைவு வந்தது, இன்று ஒரு தடவைகூட நான் கன்னத்தைச் சொறியவில்லை.

1981 ஜனவரி 22

தைப்பூசம் முடிந்து திரும்பினோம். அப்பா இந்த வருஷமும் அலகு குத்தினார்.

"இனிமே எதுக்குப்பா? தழும்பு இருக்கத்தானே போகுது?"

"தழும்புக்குன்னு யாருடி சொன்னா? ஒனக்கு."

மே 10

மேல்பாதியில் தோல் வெளுத்திருக்கிறது. டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனாலும் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா பின்னால் வந்து பார்த்துவிட்டு, "அமுங்கிருச்சுடி," என்றாள். அவள் இப்போது முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கொண்டை போடுகிறாள்.

செப்டம்பர் 3

ஊசி நிறுத்தியாகிவிட்டது. தழும்பு இருக்கிறது. தடவினால் தெரியும், பார்த்தாலும் தெரியும். கயிறாக இருந்தது இப்போது வெளுத்த பட்டையாக இருக்கிறது. மறுபடி தடித்தால் உடனே வரச் சொன்னார் டாக்டர்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கேமராவை எடுத்தார். "போன வருஷம் நீங்கள் ஒரு படம் கேட்டீர்கள். இனி வருகிற யாராவது அதையே கேட்டால் உங்கள் படத்தைக் காட்டலாமா?"

"காட்டுங்கள். வலித்தது என்றும் சொல்லுங்கள். போகவில்லை என்றும் சொல்லுங்கள்."

கேமராவைப் பார்த்ததும் என் முகம் பழக்கத்தில் தானாகவே இடப்பக்கம் திரும்பி வலது கன்னத்தைக் காட்டியது. டாக்டர் காத்திருந்தார்.

நானே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.