மருந்து போடாத தட்டு

இன்று காலை கையில் ஸ்பிரிட்டைத் தெளித்ததுமே அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். காய்ச்சல் என்று லீவு போட்டுப் போனவள் நீ, திரும்பி வரவில்லை; அந்தக் காய்ச்சலே உன்னைக் கொண்டுபோய்விட்டது. அடையாறு ஆய்வகத்தில் உன் நாற்காலியில் உட்கார இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடி. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் மருந்தை மறுபடி சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. புற்றுச் செல்களை அது சத்தமில்லாமல் சாகவைக்கிறது என்பது உன் முடிவு. அப்படிச் சாகிற செல் சுருங்கி, தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடும். முதலில் அதில் பச்சைச் சாயம் மட்டும்தான் ஒட்டும். வெடித்துச் சாகிற செல்லோ உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டி அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும். கிழிந்த இடம் வழியாகச் சிவப்புச் சாயம் உள்ளே போகும். எடுத்த எடுப்பிலேயே சிவப்பு என்றால் உன் மருந்து மருந்தே இல்லை.

போன வாரம் ராயப்பேட்டையில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நீ 'அம்மி' என்று கூப்பிடும் உன் அம்மா கேட்டது ஒன்றுதான். "எங்க பொண்ணோட மருந்து எப்பம்மா வெளியில வரும்?" நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன்.

இன்று இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மருந்து போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எங்கு பார்த்தாலும் சிவப்பு.

நான் சேர்ந்த புதிதில் இதே மாதிரி சிவப்பைப் பார்த்துக் கத்தியபோது நீ சிரித்தாய். "இன்னாடி, துணி தொவைக்கிற மாதிரி அடிச்சு அலசினா செல்லு கிழியாம இன்னா பண்ணும்? மருந்தைத் திட்டாத. மொதல்ல உன் கையைச் சந்தேகப்படு. மருந்து போடாத தட்டைப் பாரு." பார்த்தால் அதிலும் சிவப்பு. தட்டில் ஒட்டியிருந்த செல்களைப் பெயர்த்தெடுக்கும் அவசரத்தில் நானே கிழித்திருந்தேன். பைப்பெட்டைப் பிடித்த என் கைமேல் உன் கையை வைத்து, திரவத்தை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கப் பழக்கினாய்.

இன்றும் மருந்து போடாத தட்டு ஒன்று பக்கத்திலேயே இருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை. வராந்தாவில் போய் நின்றேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன். தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

பார்த்துவிட்டேன். தேடித் தேடிப் பார்த்தும் அதில் சிவப்பே இல்லை. ஒரு செல்கூடக் கிழியவில்லை.

நீ பழக்கிய கை தப்பு செய்யவில்லையடி. இந்தக் கையால்தான் இனி உன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.