முகம் வராத வீடியோக்கள்

மூன்று வருடமாக அலமாரியில் கிடந்த பழைய போனைப் போன வாரம் சார்ஜில் போட்டேன். உன் அம்மை கூப்பிட்டிருந்தார்கள். "அவ வெளையாண்டு நான் பாத்ததே இல்லியே தாயி. ஒங்கிட்ட ஏதாச்சும் இருந்தா காட்டுதியா?" என்றார்கள். பாளையங்கோட்டை மைதானத்துக்கு ஒரு நாள்கூட வராதவர்கள். பெண்பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதா என்று உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள்.

போனில் அழிக்காமல் மிஞ்சிய பதினோரு வீடியோக்களில் நீ இருந்தாய். எதிலும் உன் முகம் இல்லை.

நம் கல்லூரி பேஸ்பால் அணியில் உன்னைப்போல் அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கடைசி வருடம் நீ அடித்ததெல்லாம் மேலே எழும்பி யார் கையிலாவது போய் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். ஒன்பதாவது ஆளாக இறங்கி மூன்று பந்தில் திரும்பி வருகிறவளுக்குத்தான் அடுத்தவர் ஆட்டத்தில் அவ்வளவு ஞானம். உன் இடுப்பும் கையும் ஒன்றாகத் திரும்பின. பாரத்தைப் பின்காலில் வைக்க வேண்டும், முன்கால் ஊன்றிய பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், கை கடைசியில்தான் வர வேண்டும் என்று உன் உயிரை வாங்கினேன். தினமும் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். "பந்தப் பாக்கவா, காலப் பாக்கவா?" என்று அலுத்துக்கொள்வாய். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். அம்மை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நான் மூச்சுவிடாமல் பாடம் நடத்தினேன், பின் குதிகால் எப்படி எழும்புகிறது பாருங்கள் என்று. "மொகம் எப்ப வரும்?" என்று கேட்டார்கள்.

ஒன்பதாவது வீடியோவில் உன் குரல் வந்தது. நான் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

"ஒரு தடவ மூஞ்சியையும் எடேன்ட்டி. அம்மைட்ட காட்டணும்."

அடுத்தது என் குரல். "ஏட்டி, மூஞ்சியா பந்த அடிக்கப் போவுது? கால ஒழுங்கா வையி."

அம்மை திரும்பப் போடச் சொன்னார்கள். நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் உனக்குப் பின்னால் நான் பேசினேன். என் பேச்சை வெட்டிவிட்டு அனுப்புகிறேன் என்றேன். "அதுவும் கெடக்கட்டும் தாயி. ரெண்டு பேரும் பேசுததுதானே" என்றார்கள்.

அவர்கள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. பஸ்ஸில் வரும்போது போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு சாண் உயர்த்தியிருந்தால் போதும், உன் முகம் வந்திருக்கும்.