பூட்டிய வாசல்களுக்கும் கும்பம்

திருகோணமலை
சித்திரை 2002

அன்பு மகன் சோமசேகரத்துக்கு,

அம்மன் காவலில் நான் கைகால் ஓடக்கூடிய சுகத்தோடு இருக்கிறேன், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விடிய எழும்பினதும் என் முதல் நினைப்பு. உன் கடிதம் கிடைத்தது. சண்டை நின்றால் என்ன, அந்த ஊர் இனி எழும்பாது, துறைமுகத்துக்குக் கப்பல் வந்தாலும் நம்முடைய ஒழுங்கைக்கு ஆள் வராது, கொழும்பில் இருந்து கேட்கிறவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வாருங்கள், கடுதாசியில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். பதில் சுணங்கினதற்குக் கோபிக்காதே. பங்குனி உத்திரம் முடியட்டும் என்று இருந்தேன், அதற்குள் எழுதுகிறதற்கு வேறு கதை வந்துவிட்டது.

ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆமிச் சென்றியில் பஸ்ஸால் இறங்கி நடக்கச் சொல்லுகிறதில்லை, மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் சனம் நெரிகிறது, கடைத்தெருவில் பொழுதுபட்ட பிறகும் லைட் எரிகிறது. நம்முடைய ஒழுங்கை மட்டும் தெரு முகப்பிலிருந்து கடல்வரை ஆள் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. நடுவில் நான், கடைசி வீட்டில் ஸாலிஹாவும் படகு எஞ்சின் திருத்துகிற அவள் புருஷன் சரீப்பும், மற்ற எல்லா வாசல் படலையிலும் துருப்பிடித்த பூட்டு. யார் எந்த வருசம் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு மனப்பாடம், சொல்லாமல் போனவர்களை இன்னும் நன்றாக ஞாபகம்.

திருவிழாவுக்கு முதல் கோயில் காரியதரிசி சிவகுருநாதன் வந்தார். கன காலத்துக்குப் பிறகு இந்த முறை அம்மன் வெளிவீதி தாண்டி ஊருக்குள் வருகிறா என்று சொன்னவர், "உங்கட ஒழுங்கைக்கு மட்டும் ஏலாது அக்கா, ஆருக்கெண்டு திரும்புறது, பூட்டுகளுக்கே தீபம் காட்டுறது" என்று கேட்டார். கும்பம் வைத்த வாசலைத் தாண்டி அம்மன் போனதை நான் பிறந்து அறியேன், உங்கள் தகப்பன் காரியதரிசியாய் இருந்தபோதும் நடக்கவில்லை என்றேன். "அப்ப எல்லா வாசலிலயும் வையுங்கோவன்" என்று பகிடி விட்டுவிட்டுப் போனார். பகிடியை நான் பிடித்துக்கொண்டேன். இந்த வருசம் அம்மன் தவிர்த்தால் அடுத்த வருசமும் தவிர்ப்பார்கள், பிறகு தபால்காரன் தவிர்ப்பான், கரண்ட் கம்பி அறுந்தால் கட்டவும் ஒருவன் வரமாட்டான். மகன், உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது, அன்று மனதுக்குள் ஒன்று வைத்துக்கொண்டேன். அம்மன் என் வாசலுக்கு வந்தால் இந்த வீட்டில் இருக்கிறது, வராவிட்டால் நீ அனுப்பிய கடுதாசியில் கையெழுத்துப் போடுகிறது.

குடத்துக்கு எங்கே போக. ஸாலிஹா தன் வீட்டுக் குடங்களையெல்லாம் புளிபோட்டு மினுக்கிக் கொண்டுவந்து, "பூட்டுக்கெல்லாம் நேர்த்தி வெக்கிற ஆள் ஒலகத்துல நீங்க மட்டுந்தான்" என்று சிரித்தாள். சரீப் பூட்டின வளவுகளுக்குள் ஏறிக் குதித்துத் தேங்காய் பிடுங்கித் தந்தார். மாவிலை, கொழும்புக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினத்தின் மரத்தில். அவனுடைய வாசலுக்குக் கும்பம் வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. எண்பத்தைந்தில் குண்டுச் சத்தத்துக்குள் அப்பாவும் நானும் உன்னையும் இழுத்துக்கொண்டு அவன் படலையைத் தட்டத் தட்ட உள்ளே விளக்கை அணைத்துவிட்டு இருந்தவன். நீ மறந்திருப்பாய். ஆனால் ஸாலிஹா, "அவர்ட மரத்து எலையப் புடுங்கிட்டு அவர்ட வாசலுக்கு மட்டும் இல்லையாம்மா, நல்ல ஞாயம்" என்றாள். அங்கேயும் ஒன்று வைத்தேன், நெளிந்த குடமாய்ப் பார்த்து.

அம்மன் ஒழுங்கை முகப்புக்கு வந்ததும் சிவகுருநாதன் கும்பங்களை எண்ணத் தொடங்கினார், அதற்குள் ஐயர் உள்ளே திரும்பச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் ஆருடைய பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்கக் கேட்க நான் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக்கொண்டு வந்தேன், இலண்டனில் இருக்கிறவர்கள், இராமேஸ்வரத்தில் முகாமில் கிடக்கிறவர்கள், எங்கே என்றே தெரியாதவர்கள். என் வாசலுக்கு முந்தின வாசல் பாக்கியரத்தினம். பாக்கியரத்தினம், கேட்டை என்றேன். பின்னால் நின்ற ஒருவர், "அந்தாள் போன மாசம் கொழும்பில செத்துப்போச்சு, முப்பத்தொண்டாம் நாள் கூடக் கழியேல்லை" என்றார். சாவுத் தீட்டு, துடக்கு உள்ள வீட்டு வாசலில் கும்பம் வைத்து, செத்தவன் பெயரை அம்மனுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். சனம் குசுகுசுத்தது. சிவகுருநாதன் இவ்வளவோடு திருப்புவோம் என்றார். என் படலை கூப்பிடு தூரத்தில். ஐயர் தட்டைத் தாழ்த்திக்கொண்டு பூட்டைப் பார்த்தார். பிறகு, "துடக்கு ஆக்களுக்கு, சுவருக்கு இல்லை. இந்த வீட்டில ஒருத்தரும் இல்லை, அதால துடக்கும் இல்லை, நடவுங்கோ" என்றார்.

அம்மன் என் வாசலுக்கும் வந்தா, பிறகு கடல்வரையும் போனா. அங்கே சரீப் தூக்கிவந்தவர்களுக்குச் சர்பத் கொடுத்தார். நான் கேட்டது கிடைத்தது, ஆனால் மனம் ஆறவில்லை. அவன் கெட்டவன்தான், அதை நான் விடமாட்டேன். என்றாலும் முப்பது வருசம் குடியிருந்த மனுசன் செத்ததற்கு அவன் வீட்டுக்குத் துடக்குக்கூட இல்லை, பக்கத்து வீட்டில் நான் அந்த மாதம் முழுக்க ஒன்றும் தெரியாமல் மீன் கறி வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஊர் எழும்புமா என்றால் எனக்குத் தெரியாது மகன். கப்பல் வரும், ஹோட்டல் கட்டுவார்கள், அதை எழும்பினது என்று நான் எடுக்கமாட்டேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, அப்படி நாலு வீடு இருந்தால் அது ஊர். அதனால் அவன் மகள் குணேஸ்வரிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், தகப்பனுடைய ஆண்டுத்திவசத்தை இந்த வீட்டில் வந்து செய், கூட்டிக் கழுவி வைக்கிறேன், சமையலும் நான் பார்க்கிறேன் என்று. பதில் இன்னும் இல்லை. வராவிட்டால் திரும்பவும் எழுதுவேன்.

உன் கடுதாசியைக் கையெழுத்து இல்லாமல் இதோடு வைத்திருக்கிறேன், மருமகளிடம் அம்மா பிடிவாதக்காரி என்று சொல்லு, அவளுக்கு அது புதினம் இல்லை. எனக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு இந்த வீட்டுக்குத் துடக்கு இருக்கவேண்டும், உள்ளே இருந்து அதைக் காக்க நீ இருக்கவேண்டும். அதற்கு முதல் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, விறாந்தைக்குக் கதிரை பின்னக் கொடுத்திருக்கிறேன்.

பனிக்குள் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, பிரசர் குளிசையை விட்டுவிடாதே. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ அம்மனைக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் அம்மா
பூரணி