செத்த கேப்டன் திரும்பி வந்த வாரம்

அக். 10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட சட்டைகள் மறுபடியும் நனைந்தன. மண்ணூர்பேட்டையில் ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் வந்து சேர வெகு நேரம். எஸ்டேட் ரோடு முழுக்கத் தண்ணீர்.

வாங்க வேண்டியவை: பால், கொசுவர்த்தி, ஹாலுக்கு பல்பு. பல்பு மறந்துவிட்டேன்.

சாயங்காலம் கோபி வந்தான், சேக்காட்டிலிருந்து பைக்கில், தொப்பலாக. என் மனைவி மலரின் தம்பி. ஏப்ரலில் மலர் இறந்தபின் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை. முன்பு சும்மா உட்கார்ந்திருப்போம். இப்போது தொடர் வந்துவிட்டது, அது வசதி. பேச வேண்டாம். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பார்க்கிற விண்வெளித் தொடர். புது சீசன், வாரம் ஒரு எபிசோட், தமிழ் டப்பிங்.

இன்றைய எபிசோடில் கப்பலின் ரோபோ ஜோக் அடித்துப் பாட்டுப் பாடியது. ஆட்டம் வேறு.

"இதுக்கு ஜோக்கே அடிக்க வராதுடா. பழைய சீசன்ல அதுக்குன்னே ஒரு எபிசோடு இருக்கு" என்றேன்.

"வுடு மாமே. இத்தினி வருசத்துல கத்துகினு இருக்கும்."

இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலும் இல்லை. பரோட்டா ஆறி ரப்பராகிவிட்டது.

அக். 14, செவ்வாய்

மழை இல்லை. டீக்கடையில் ஒருவர்: "வருதுன்றான், வரலன்றான், இன்னாதான்யா சொல்ல வர்றான்?" வானிலை அறிக்கையைத்தான்.

அத்தை போன் செய்தார். மலரின் அம்மா. எடுக்கவில்லை. காரியத்துக்குப் பிறகு சேக்காட்டுக்கு நான் போகவே இல்லை. போனால் யார் முதலில் பேசுவது?

ஹாலில் இன்னும் இருட்டு. பழகிவிட்டது.

அக். 17, வெள்ளி

நல்ல வெயில், பிறகு புழுக்கம்.

இன்றைய எபிசோடில் கேப்டன் வந்தார். பழைய தொடரின் முடிவில் கப்பலோடு வெடித்துச் செத்தவர். பிளஸ் டூ படிக்கும்போது அதற்காக அழுதிருக்கிறேன். இப்போது கதவைத் திறந்துகொண்டு சாதாரணமாக உள்ளே வருகிறார். "நீங்க செத்துப் போயிட்டீங்களே?" என்று ஒருவன் கேட்கிறான். "மெடிக்கல் லீவு" என்கிறார். அவ்வளவுதான் விளக்கம்.

கோபி சிரித்தான். கேப்டன் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டான்.

நிறுத்தினேன். "ஏற்கெனவே பாத்துட்டியா?"

இல்லை என்றான். பிறகு, "காலீல கம்பெனி பஸ்லயே பாத்துட்டேன் மாமே. எல்லா வாரமும் அப்டித்தான்."

"அப்புறம் எதுக்கு இங்க வர்ற?"

அதோடு விட்டிருக்கலாம்.

"செத்தவன் எப்படிடா வருவான்? ஒரு ஜோக்கப் போட்டு மூடிட்டா ஆச்சா?" குரல் பெரிதாக வந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

கோபி ஹெல்மெட்டை எடுத்தான். "எனுக்கும் அக்கா மாமே அவ" என்றான். போய்விட்டான்.

பாத்திரம் கழுவினேன். படுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

அக். 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் கிடையாது. தெருவெல்லாம் வெடி. மேல் வீட்டு அம்மா அதிரசம் கொடுத்தார். பகல் முழுக்கத் தூக்கம்.

அக். 24, வெள்ளி

அடைமழை. கோபி வரவில்லை. மழையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் முன்பு தொப்பலாக நனைந்துகொண்டு வந்தவன்தான்.

பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குப் பரோட்டா. புது எபிசோட் வந்திருந்தது. போடவில்லை. போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டேன்.

அக். 26, ஞாயிறு

சேக்காடு போனேன். நனைந்துகொண்டேதான்.

அத்தை கதவைத் திறந்தார். இளைத்திருக்கிறார். "வாங்க மாப்ள. இன்னா இப்டி நனைஞ்சிகினு வந்துகீறீங்க" என்று துண்டு கொடுத்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்பார் என்று வழியெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

கோபி எழுந்து நின்றான்.

"இந்த வாரத்துது பாத்துட்டியா?"

"இல்ல மாமே. போடவே இல்ல."

"நானும்தான்."

போனை டம்ளரில் சாய்த்து வைத்தான். அத்தை குழம்பை இறக்கிவிட்டு வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"இன்னாடா, மூஞ்சிக்கெல்லாம் பெயின்ட் அடிச்சிகினு கீறாங்கோ?"

"அவங்க வேற கெரகம்மா."

"இந்தப் பெரியவரு?"

"கேப்டன். செத்துப் பூட்டாரு, இப்போ திரும்பி வந்து..." கோபி பாதியில் நிறுத்திவிட்டான்.

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தவரு இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கேப்டனுக்குச் சல்யூட் வைத்த ரோபோ, அப்படியே மல்லாக்க விழுந்தது. அத்தைக்குச் சிரிப்பு. மூக்கால் வரும் சிரிப்பு, நடுவில் மூச்சு திணறி, மறுபடி பிடித்துக்கொண்டு. மலரின் சிரிப்பு. யாரிடமிருந்து அவளுக்கு வந்தது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை.

கோபி என்னைப் பார்க்கவில்லை. கட்டை விரலால் வீடியோவைப் பின்னால் தள்ளி, ரோபோவை மறுபடி விழ வைத்தான். அத்தை மறுபடி சிரித்தார்.

"இன்னொரு தடவ போடு" என்றேன்.